இரண்டு கார்டு, ஒரு பவர் சப்ளை

மார்ச் 12, புதன்

லீவில் வந்த ராணுவக்கார அண்ணன் ஒருவர், கேமிங் கம்ப்யூட்டரை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். பழைய கிராபிக்ஸ் கார்டோடு போட்டிக் கம்பெனியின் புதுக் கார்டையும் மாட்டச் சொன்னார். பவர் சப்ளை தாங்காது என்று முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன்.

“ஏட்டி, ரெண்டு மருமவளும் ஒரே அடுப்புல பொங்க மாட்டாளுவளோ? மாட்டு.”

மாட்டினேன். கேம் ஓட ஆரம்பித்ததும் புகை வந்தது. இரண்டு கார்டும் போயின.

“இந்தப் பிள்ள வயர மாத்திச் சொருகிட்டா” என்றார் முதலாளி.

அண்ணன் திட்டவில்லை. “பரவால்லம்மா, போகப் போகப் படிச்சுக்கிடுவ.”

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படித்தவள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சரிண்ணே” என்று வந்தது.

நாளை இராஜபாளையத்தில் அவர் ரயிலேறிவிடுவார். அவருக்கு நான் வயரை மாற்றிச் சொருகியவள்தான்.