ஏழுக்கு நாலு

மாதுங்கா, பம்பாய்
22-11-1964, ஞாயிறு மத்தியானம்

சிரஞ்சீவி மகாதேவனுக்குச் சித்தப்பா ஜம்புவின் ஆசீர்வாதம் மலை மலையாக உண்டாவதாக. இவ்விடம் நான், உன் சித்தி அபயாம்பாள், உன் தங்கை ஷ்யாமளா மூவரும் சௌக்கியம். நீ அவ்விடம் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய். சௌக்கியத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த அவ்விடம் எவ்விடம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீ வேல்ஸில், அந்தக் கார்டிஃபில் இல்லை. காலேஜிலும் இல்லை என்று நினைக்கிறேன். சித்தியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் என் வாய்க்கு நாள் குறித்தாகிவிட்டது. காட்கோபர் வானமாமலையை அவன் கம்பெனி லண்டனுக்கு அனுப்புகிறது, டிசம்பர் இருபதாம் தேதி கப்பல். அவன் கார்டிஃப் வரை ரயிலில் போய் உன் ரூம் கதவைத் தட்டி, சித்தி கட்டிக்கொடுக்கும் பொட்டலத்தை உன் கையில் கொடுத்து, உன் கன்னத்தில் சதை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சித்திக்கு எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். கதவைத் திறப்பது வேறு யாராவது என்றால் அவன் அதையும் எழுதுவான். அரிச்சந்திரனுக்கு அடுத்தபடி பொய் சொல்லத் தெரியாதவன் வானமாமலை. உன் சித்தி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் போடும் சத்தம் மாதுங்காவில் கிளம்பி அம்பர்நாத் வரை லோக்கல் வண்டிகளை நிறுத்தும். அதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே அரிசிக்கு க்யூ நின்று நின்று என் கால் ஒன்றரை அங்குலம் நீண்டுவிட்டது, பழைய பேண்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. டிராமை நிறுத்தியதிலிருந்து சித்தி தாதருக்குப் போக பஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறாள், நடந்தே போய் முழங்கால் வலி என்று ராத்திரி முழுக்க என்னைத் திட்டுகிறாள். ஷ்யாமளா டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ், இப்போது சாப்பிடும்போதுகூட அவள் விரல் இலையில் டைப் அடிக்கிறது. இதெல்லாம் இருக்கட்டும். என் சந்தேகம் எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன் கேள். போன வருஷம் நீ அந்த ரக்பி என்கிற கூத்தைப் பற்றி எழுதினாய் அல்லவா, பூசணிக்காய்க்கும் புடலங்காய்க்கும் பிறந்த மாதிரி ஒரு பந்து, அதைப் பதினைந்துக்குப் பதினைந்து பேர் கட்டிப் புரண்டு பிடுங்குகிறார்கள், சாயங்காலம் தாதர் ஸ்டேஷனில் கல்யாண் வண்டி வந்து நின்ற மாதிரி இருக்கிறது என்று. அதன் கணக்கையும் நீயேதான் எனக்குப் பாடம் நடத்தினாய். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி எதிராளி கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் ட்ரை, அதற்கு மூன்று. அந்த ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே உதைத்து அனுப்பினால் கூட இரண்டு, ஆக ஐந்து. எதிராளி தப்பாட்டம் ஆடி அதற்குத் தண்டனையாக ஓர் உதை கிடைத்து அது கம்பத்துக்குள் போனால் மூன்று. ஓடுகிற ஓட்டத்தில் பந்தைத் தரையில் ஒரு குத்துக் குத்தி எழும்பும்போது உதைத்து அனுப்பினாலும் மூன்று. நான் கூப்பரேஜ் மைதானத்தில் காலம் காலமாகப் பார்க்கிற கால்பந்தில் கோல் என்றால் ஒன்று, முடிந்தது கதை. இது என்னடா ரேஷன் கார்டு மாதிரி ஆளுக்கு ஓர் அளவு என்று சிரித்தேன். ஆனாலும் நீ எழுதினது ஆயிற்றே, மனப்பாடம் செய்து வைத்தேன். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் நீ பார்த்த ஆட்டம், எட்டுக்கு மூன்று, பதினொன்றுக்கு ஒன்பது என்று எழுதுவாய். நானும் அதை எப்படிச் சேர்த்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பேன், ஒரு ட்ரை உதையோடு ஐந்து, ஒரு தண்டனை உதை மூன்று, எட்டு, சரி. ஒரு தடவையும் கணக்கு உதைத்ததில்லை.

போன மாதக் கடிதத்தில் எழுதினாய், போன சனிக்கிழமை ஆட்டம் வெகு ஜோர், எங்கள் பக்கம் ஏழுக்கு நாலு என்று ஜெயித்தது என்று. முதலில் நானும் சபாஷ் என்று சொல்லிக் கடிதத்தை மடித்துவிட்டேன். காப்பி குடிக்கும்போதுதான் நாக்கில் ஏதோ இடறியது. ஏழா? சித்தி ரசத்துக்கு ஊறப்போட்டிருந்த புளியிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கிக் கூடத்தில் பரப்பினேன். மூன்று மூன்றாகவும் ஐந்து ஐந்தாகவும் குவித்தேன். மூன்று வந்தது, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, எல்லாம் தேர்த்திருவிழா மாதிரி வரிசையாக வந்தது. ஏழு வரவில்லை. நாலும் வரவில்லை. ஷ்யாமளாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். சித்தி எட்டிப்பார்த்து, இந்த வயசில் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு என்ன கூத்து என்று கேட்டாள், பல்லாங்குழி என்று சொன்னேன். குழியே இல்லாத பல்லாங்குழி என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். அவள் போன பிறகு ஷ்யாமளா மெதுவாகச் சொன்னாள், "அப்பா, விடிய விடிய உக்காந்தாலும் ஏழு வராது. அண்ணா ஆட்டத்தையே பாக்கலை." பார்க்காத ஆட்டத்தைப் பார்த்தேன் என்று ஒருவன் ஏன் எழுத வேண்டும்? சனிக்கிழமை மத்தியானம் எங்கே இருந்தாய்? படுக்கையிலா, ஆஸ்பத்திரியிலா, வேறெங்காவதா? அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, என் குறட்டை கேட்காமல் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தூக்கம் வரவில்லையாம்.

மறுநாள் ஆபீஸில் ஹோல்ராய்ட் துரையைப் பிடித்தேன். எங்கள் கம்பெனி மில்களுக்கு விற்கிற தறிகளை ஓட்டிக் காட்ட வந்திருக்கிறாரே, அவர்தான். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர்க்காரர், வெயிலில் வதங்கி வதங்கி அசல் தக்காளியாகிவிட்டார். யார் எவர் என்று சொல்லாமல், நீ எழுதின கணக்கைச் சொல்லி, வேல்ஸ் ரக்பியில் ஏழுக்கு நாலு வருமா என்று மட்டும் கேட்டேன். மனுஷன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். பந்து என்று பேர் சொன்னால் போதும் போலிருக்கிறது, தறியை மறந்து ஒரு மணி நேரம் உபந்நியாசம். அமெரிக்காவில் கோட்டைத் தாண்டினால் ஆறாம், ஒருவனை அவன் எல்லைக்குள்ளேயே மடக்கிப் படுக்கவைத்தால் எதிராளிக்கு இரண்டாம். ஆஸ்திரேலியாவில் கோலுக்கு ஆறு, கொஞ்சம் தள்ளிப் போய்க் குறி தவறினாலும் பாவம் என்று ஒன்று கொடுக்கிறார்களாம், கர்ணன் பரம்பரை. நான் பொறுமையாகத் தலையை ஆட்டி ஆட்டி மறுபடி ஏழுக்கு நாலில் கொண்டுவந்து கட்டினேன். வேல்ஸில் வராது என்றார், அங்கே ஆடுவது பதினைந்து பேர் ஆட்டம், அதன் கணக்கு நீர் சொன்னபடிதான். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம், கம்பளி மில் ஊர்களில் ஆடுவது பதின்மூன்று பேர் ஆட்டம். அது வேறு ஆட்டம், வேறு சங்கம், வேறு சட்டம். அதில் ட்ரைக்கு மூன்று, கம்பத்துக்குள் எந்த உதை போனாலும் இரண்டுதான். இரண்டு உதை நாலு. ஒரு ட்ரை, இரண்டு உதை, ஏழு. பேஷாக வரும் என்றார். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டே, "இந்த ஆட்டத்தைப் பார்த்தவன் வேல்ஸில் இல்லை, எங்கள் ஊரில் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, நீ பொய் சொல்லவில்லை, ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாய். ஊரைத்தான் மறைத்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன், ஸ்காட்லாந்து யார்டே என் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். கார்டிஃப் முத்திரைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நீல ஏர்மெயில் கடிதத்தை எல்லோரும் மடிக்கிற மாதிரி மடித்த பிறகு குறுக்கே இன்னொரு மடிப்பு விழுந்திருக்கிறது. ஆடி மாதத்துக்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் அந்த மடிப்பு. முந்தியதில் இல்லை. இன்னொரு கவருக்குள் திணித்து யாருக்கோ அனுப்ப, அவன் எடுத்துக் கார்டிஃபில் தபாலில் போடுகிறான். உன்னோடு ரூமில் இருந்த முகம்மது ஹனீபைத் தவிர அந்தக் கைங்கர்யம் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்? இந்தக் கடிதத்தையும் அவன்தான் வாங்கி உனக்கு அனுப்பப்போகிறான். ஆகையால் ஹனீபுக்கும் இதிலேயே என் ஆசீர்வாதம், நல்ல சிநேகிதன், கெட்ட வேலை. பசை ஒட்டிய ஓரத்தில் ஒரு கம்பளி இழை வேறு சிக்கிக் கிடந்தது. சித்தி அதைப் பார்த்துக் குழந்தை ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறான் என்று சந்தோஷப்பட்டாள். எனக்கோ அது ஸ்வெட்டரில் இருந்து வந்ததாகத் தோன்றவில்லை, ஸ்வெட்டர் ஆகாத கம்பளி. எல்லாவற்றுக்கும் மேல், ஆடியிலிருந்து நீ பணம் வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை பணம் கேட்காமல் கடிதம் எழுதுவது சூரியன் மேற்கே மாஹிமில் உதிக்கிற மாதிரி. நீ ஏதோ ஒரு மில்லில் வேலை பார்க்கிறாய். பாடம் ஏறவில்லையா, காலேஜ் வேண்டாம் என்றதா, நீ வேண்டாம் என்றாயா, நான் கஷ்டப்படுகிறேன் என்று உனக்கு யாராவது எழுதிக் கிளப்பிவிட்டார்களா, அந்தக் காரணம் எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் ஒரு நாளைக்கு ஒன்றாகக் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன். நேற்று வரை நீ ஒரு தறிக்கு அடியில் மாட்டிக்கொண்டு விட்டாய், இன்று காலை ஜுரம். என் கற்பனை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், அதன் கையில் என்னை விட்டு வைக்காதே.

ஹோல்ராய்ட் துரையிடம் மறுபடி போய் ஒன்று விசாரித்தேன். வேல்ஸ் ஆட்டம் கௌரவத்துக்கு ஆடுவது, கூலி கிடையாதாம். வடக்கத்தி ஆட்டத்தில் கூலி உண்டாம். கையில் காசில்லாத பையன்கள் சிலர் யாருக்கும் சொல்லாமல் ரயிலேறி வடக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம். போனவன் போனவன்தான், பழைய சங்கம் அவனைத் திரும்பச் சேர்க்காதாம், ஆயுசுக்கும் தள்ளி வைத்ததுதானாம். எனக்கு இது ஒன்றும் புதிதாக இல்லை. நம் பெரியவர்கள் கப்பலேறினவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட ஜாதிதானே. உன்னைக் கப்பலேற்றினபோதுகூட இரண்டு பேர் என்னிடம் பிராயச்சித்தம் பற்றிப் பேசினார்கள், நான் அவர்களுக்கு இரண்டாம் தடவை காப்பி கொடுக்கவில்லை. டேய், என் அண்ணா, உன் அப்பா, போன அன்று உன்னைத் தூக்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டவன் நான். நீ எந்தக் கோட்டைத் தாண்டிப் போனாலும், கௌரவத்துக்கு ஆடினாலும் கூலிக்கு ஆடினாலும், இந்த வீட்டுப் பந்தியில் உன் இலையை எடுக்க ஒரு சங்கமும் பிறக்கவில்லை. படிப்பு வேண்டாம் என்றால் வேண்டாம். திரும்பி வர வேண்டும் என்றால் வா. அங்கேயே இருக்க வேண்டும் என்றால் இரு. எங்கே இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியாமல் மட்டும் இருக்காதே.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். காரணம் எழுத இப்போது கை வராவிட்டால் விட்டுவிடு, நிதானமாக வரட்டும். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் எழுது. ஹனீபைச் சிரமப்படுத்தாமல் உன் கையாலேயே தபாலில் போடு, அந்த ஊர் முத்திரையோடு வரட்டும். வானமாமலை கப்பலேறுவதற்குள் அது என் ஆபீஸ் விலாசத்துக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் நானே சித்தியிடம் சொல்லிக்கொள்கிறேன். அழுவாள், என்னைத் திட்டுவாள், வடக்கே இன்னும் குளிராமே என்று பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு டப்பா ஊறுகாய் வைத்துக் கட்டுவாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெந்நீர் கிடைக்காவிட்டால் வேண்டாம். மில்லில் ஓடுகிற பெல்ட் பக்கம் மப்ளரைத் தொங்கவிட்டுக்கொண்டு போகாதே.

தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
மாதுங்கா முதல் மான்குர்த் வரை கீர்த்தி பரவிய,
உன் விலாசத்துக்காகக் காத்திருக்கும் சித்தப்பா
ஜம்பு