உன் வயது நாற்பத்தாறு

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. மை வாசனை இன்னும் போகவில்லை. பொங்கல் விழாப் படங்களுக்கு அடுத்த பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். கீழே "மறைவு, வயது 44" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மலரைச் சுருட்டிச் சமையல் மேடையில் ஓங்கி அடித்தேன். மாடிப்படியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

ஒன்றுமில்லையாம். உன் வயது நாற்பத்தாறுடா.

பள்ளியில் சேர்த்தபோது உன் அப்பா இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னார். பையன் அரசாங்க வேலைக்குப் போவான், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். நம் ஊர்ப்பக்கம் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தான். எனக்கும் ஒரு வருஷம் குறைச்சல். நீயோ அரசாங்க வேலைப் பக்கமே போகவில்லை. அமெரிக்கா வந்து, நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே ஊரில் உட்கார்ந்து, கம்பெனிகளுக்குத் தேதி சரிபார்க்கும் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தாய்.

அதிலிருந்து உனக்குக் காலண்டர் பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமை தோசை சாப்பிடப் பக்கத்து ஊர் ஐசலினுக்குப் போகும்போதெல்லாம் ஓக் ட்ரீ ரோடு டிராஃபிக்கில் உன் பிரசங்கம்தான். "மாப்ள, 1752ல இதே நியூ ஜெர்சில செப்டம்பர் ரெண்டாம் தேதி படுத்தவன், எந்திரிச்சா பதினாலாம் தேதி! பழைய காலண்டர் பிசகிப்போச்சுன்னு பதினோரு நாளைத் தூக்கிட்டான். காகிதம்தான் தாவுச்சு. உடம்பு அதுபாட்டுக்கு ஒவ்வொரு நாளாத்தான் போச்சு." சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாமல் பேசுவாய், பின்னால் ஹார்ன் அடிப்பார்கள்.

இன்னொரு நாள் ரோமாபுரிச் சாமியார் கதை. "இயேசு பொறந்த வருஷத்தை அவர் கணக்குப் போட்டதே நாலஞ்சு வருஷம் தப்புங்கறாங்க. ஒண்ணுக்கு முன்னாடி பூஜ்யம்னு ஒரு வருஷமே கிடையாது. தப்புன்னு தெரிஞ்சும் உலகமே அதைத்தான எழுதுது? இதுல என் ரெண்டு வருஷம் என்ன பெருசு?"

நானும் சிரித்துத் தொலைத்தேன். இப்போது கேட்கிறேன், பதில் சொல். அந்தச் சாமியாருடைய தப்புக் கணக்கால் யார் செத்தார்கள்? உடம்பு அதுபாட்டுக்குப் போகும் என்று எனக்குப் பாடம் எடுத்தவனே, உன் உடம்பு மட்டும் ஹெட்மாஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு நடக்கும் என்று நினைத்தாயா?

உன் கார் வொர்க்‌ஷாப்பில் இருந்ததால் அந்த வருஷம் செக்கப்புக்கு நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். "உள்ள வா மாப்ள, போரடிக்குது" என்று அறைக்குள்ளும் இழுத்துக்கொண்டாய். டாக்டர் ஸ்க்ரீனைப் பார்த்து, "நாற்பத்துமூன்றுதானே? குடல் புற்றுநோய் டெஸ்ட் நாற்பத்தைந்திலிருந்துதான். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம்" என்று இங்கிலீஷில் சொன்னார். உனக்கு அப்போதே நாற்பத்தைந்து முடிந்திருந்தது. நீ தலையாட்டினாய்.

வெளியே வந்ததும் காரில், "ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். "கிரீன் கார்டு ஃபைல் உள்ள கிடக்கு மாப்ள. ஒரு எடத்துல வயசு மாறுனா எல்லா பேப்பரையும் தோண்டுவான். கார்டு வரட்டும், பாத்துக்கலாம்" என்றாய். டாக்டர் என்ன இமிகிரேஷன் ஆபீசரா? அவர் பார்க்க வேண்டியது உன் பாஸ்போர்ட்டையா, உன் குடலையா? அடுத்த வருஷமே காமாலை என்று போய்ப் படுத்தாய். குடலில் ஆரம்பித்து ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். முந்தின வருஷம் டெஸ்ட் எடுத்திருந்தால் பிடித்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். கார்டு இன்னும் வரவில்லை.

போன வாரம் அதே டாக்டரிடம் போனேன். "ரெக்கார்டில் இருப்பது சர்டிஃபிகேட் வயது. நிஜத்தில் எனக்கு நாற்பத்தைந்து" என்றேன். அவர் சிரித்தார். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தானாம். ஒரு வரி டைப் செய்துவிட்டு டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். யாரும் எந்தப் பேப்பரையும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லைடா, பாவி. பார்க்கிங்கில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். அழுதேன். மறுபடியும் திட்டினேன்.

திட்டி என்ன ஆகப்போகிறது? உன் மனைவியிடம்கூட ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. அன்று அந்த அறையில் உன் நிஜ வயது தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். டாக்டர் நாற்பத்துமூன்று என்றதும் நான் வாயைத் திறந்தேன். நீ மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாய்.

காலைத்தான் மிதித்தாய். வாயை மூடிக்கொண்டது நான்.