கதிரையில் பார்த்த நடை

எசன், ஜேர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமோ? அம்மாவின்ர பிரஷர் இறங்கீட்டுதோ?

இங்க ஒரு பகிடி நடந்தது. நான் வைத்தியம் பாக்கிற பழைய ஆமிக்காரரில மார்க்கோ எண்டு ஒருத்தர். ஆப்கானிஸ்தானில கால் போனது, உங்களைப்போல முழங்காலுக்கு மேல. அவருக்குப் புதுப் பொய்க்கால் வேணுமெண்டு எழுதியிருந்தன். அதைச் சரிபாக்க மேலிடத்தில இருந்து ஒரு பெரிய டொக்டர் வந்தார். நல்ல கோட்டு, அதைவிட நல்ல வாசனை. மார்க்கோவைக் கதிரையில இருத்தி வைச்சபடியே போர்க்கதை கேட்டார். "நாட்டுக்காக எவ்வளவு தியாகம்!" எண்டு கையைக் குலுக்கினார். பிறகு, "நல்லா நடக்கிறார், புதுசு தேவையில்லை" எண்டு எழுதினார்.

"எழுப்பி நடக்கவிட்டுப் பாத்தியளோ?" எண்டு கேட்டன்.

"அவர் ஒரு குறையும் சொல்லேல்லையே" எண்டார்.

படிச்ச மடையன்! மாடு வாங்கிறவன்கூட நடத்திப் பாத்துத்தான் வாங்குவான். பயப்பிடாதேங்கோ, அவருக்கு முன்னால மரியாதையாத்தான் நிண்டனான். திருப்பியும் எழுதிப் போட்டிருக்கிறன்.

வீட்டை வந்து தனியச் சாப்பிடேக்கைதான் யோசிச்சன். நீங்களும் வீடியோவில எப்பவும் கதிரையில இருந்துதான் கதைக்கிறியள். "பொய்க்கால் எப்பிடி?" எண்டால் "சோக்கா இருக்கு" எண்டுறியள். நானும் நம்பிக்கொண்டு போனை வைக்கிறன்.

வாற ஞாயிறு அம்மாட்டை போனைக் குடுத்திட்டு, வாசல் படலையில இருந்து கிணத்தடி வரைக்கும் நடந்து காட்டுங்கோ. டியூட்டிக்கு நேரமாச்சு. சாரத்தை மடிச்சுக் கட்டுங்கோ, எனக்குக் கால் தெரிய வேணும்.

உங்கட பிள்ளை,
சாரங்கா