ஒரு ஜோடிக் காலுக்கு இரண்டு வேலை

மூச்சு வாங்காமல் பேசத் தெரியாத என் மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை உன்னைப் பதினெட்டே நாளில் கொண்டுபோய்விட்டது. பிழைத்திருந்தால், "இன்னா வேகம் பாத்தியா மாப்ளே!" என்று அதையும் மெச்சியிருப்பாய்.

உன் சைக்கிளை நான்தான் ஓட்டுகிறேன். உன் தங்கை கொடுத்தது, திருடவில்லை. என் குட்டைக் காலுக்காக சீட்டை இறக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் தேகப்பயிற்சிச் சங்கத்துப் பந்தயம். மாறுதல் எதுவும் இல்லை. ஏரியில் நீச்சல், வாலாஜாபாத்துக்கு இரண்டு நடை சைக்கிள், பிறகு ஐயம்பேட்டை வரை ஓடித் திரும்ப வேண்டும். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் சங்க வாசலைத் தொட்டாக வேண்டும். இரண்டு வருடம் பெயர் கொடுத்தோம், இரண்டு வருடமும் மாட்டுவண்டியில் படுத்தபடி வீடு திரும்பினோம். நம் பிள்ளையார்பாளையம் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. நாற்பத்தைந்து தாண்டியவர்களை அடுத்த வருடம் சேர்க்கமாட்டார்களாம். ஆகவே எனக்கு இதுதான் கடைசி.

உன் பாடம் உனக்கு நினைவிருக்கும். "தெனம் குடல் வாய்க்கு வரணும் மாப்ளே, அப்பத்தான் அது பயிற்சி." விடியற்காலையில் நாய்கள் துரத்துகிற வேகத்தில் ஓடுவோம். பிறகு அவரவர் தறிக்குழியில் இறங்கி, இருட்டும்வரை மிதிப்போம். நீ போன பிறகும் அந்தப் பாடத்தை நான் விடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், குழியில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. உன் தங்கை சரோஜா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாச்சு?"

"கால் புடிச்சிக்கிச்சு. காலையில ஓடினதுல."

"காலையில அரை மணி ஓடினதைச் சொல்ற. நாள் பூரா தறியில மிதிக்கிறியே, அது இன்னா அடுத்த வூட்டுக்காரன் காலா?"

மச்சான், நாம் இரண்டு மேதைகள் இரண்டு வருடமாக முட்டைக் கணக்கும் கேழ்வரகுக் கணக்கும் போட்டோமே, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை? தறி மிதிப்பது பிழைப்பு, ஓடுவது பயிற்சி என்று பிரித்து வைத்தது நாம். காலுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அன்றோடு உன் பாடத்தை மூட்டை கட்டினேன். காலையில் தூக்கம். தறிக்கு விடுமுறையான அமாவாசை அன்று மட்டும் மூன்றையும் முழுதாக, நிதானமாகச் செய்தேன். சங்க வாசலில் செயலாளர் நின்றிருந்தார்.

"இன்னாபா, சாமி வாகனம் மாதிரி ஆடி அசைஞ்சிக்கினு வர்ற?"

"வாகனம் பாதி வழியில வண்டி ஏறிப் பாத்திருக்கியாபா?" என்றேன்.

வாயடித்தேனே தவிர, சங்கு ஊதிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக முழுத் தூரத்தையும் முடித்திருக்கிறேன், ஆனால் நேரத்துக்கு வரவில்லை. காலில் வலுவும் மிச்சம் இருந்தது, வேகம்தான் இல்லை. அன்று உன்னை நினைத்தேன். உன்னை முழுசாகத் தூக்கிப்போட்டது என் தப்பு.

அதன் பிறகு வாரத்தில் இரண்டே இரண்டு காலை, கால் மணி நேரம், நீ சொன்னபடி குடல் வாய்க்கு வர ஓடுகிறேன். மற்ற நாளெல்லாம் தறி போதும். போன வெள்ளிக்கிழமை கடைசி மைலை மட்டும் ஓடிப் பார்த்தேன். வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய நம் செயலாளரையே முந்திவிட்டேன். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தபடி நின்றார். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, நான்தான் சொன்னேன்.

நம்புகிறாயா? நான் நம்புகிறேன். சரோஜாகூட நம்புகிறாள், மாட்டுவண்டிக்குச் சொல்லி வைக்கவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டை போய்த் திரும்பி ஊர் எல்லை தெரிகிறவரை எவன் முந்தினாலும், எவன் கேலி செய்தாலும், என் நிதானத்தை விடமாட்டேன். அங்கிருந்து சங்க வாசல்வரை ஒரு மைல். அந்த ஒரு மைல் மட்டும் உன் பாடம்தான், மச்சான். குடல் வாய்க்கு வரட்டும்.

உன்னோடு தோற்றவன், உன் தங்கை புருஷன்,
நாகப்பன்