பூர்ணகாமருக்கு வந்த குழப்பம்

என் குட்டிப் பிசாசுக்கு,

கைக்குழந்தையிலிருந்து உன்னை வளர்த்த சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் இங்கே நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள்ளிருந்து உதைக்கும் சின்ன எஜமானும் சௌக்கியம்தானே?

லிஃப்ட் மெக்கானிக்காகப் பாதி உலகத்தையே மேலே தூக்கிவிட்ட என்னைப் போன வாரம் கம்பெனியில் வழியனுப்பினார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "நம்ம அண்ணன் ஒரு பூர்ணகாமர்" என்று முழங்க, கைதட்டலில் கட்டடமே நாலடி நகர்ந்தது. அதென்ன காமர் என்று சித்தி முறைத்த முறைப்பில் மைக் உருகாதது அதிசயம். மேல்மாடி சமஸ்கிருத வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டேன். "பூர்ணம்னா நிறைவு, காமம்னா ஆசை. ஆசையெல்லாம் நிறைவேறினவர், இனி எதுவும் வேண்டாதவர்" என்றார். சக்கரவர்த்தியாக மாடியிறங்கினேன். அந்த மிதப்பில்தான், பிரசவத்துக்கு வரச்சொல்லி நீ போன் செய்தபோது, "எனக்கென்னம்மா ஆசை, சித்தி வருவா" என்று அளந்துவிட்டேன். நீயும் "சரி சித்தப்பா" என்று சட்டென்று வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து ஒரே குழப்பம். லிஃப்ட் பொத்தானில் விளக்கு எரியவில்லை என்றால், கேட்ட மாடி வந்து சேர்ந்திருக்கும், இல்லையேல் பல்பு போயிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நான் இதில் எந்த ரகம்? சித்தி டீ வேண்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். டிவி? அதுவும் வேண்டாம். பெட்டியில் புடவையை அடுக்கிக்கொண்டே, "குழந்தைக்கு மூக்கு யார் மாதிரின்னு பாக்கவும் வேணாமா?" என்றாள். பார்க்க வேண்டும் போலிருந்தது. வாத்தியாரிடம் ஓடி அதைச் சொன்னேன். "அப்ப நீங்க அது இல்ல சார்" என்று ஒரே நொடியில் பட்டத்தைப் பறித்துவிட்டார். எல்லாம் கிடைத்தவனுக்குப் புதிதாய் ஓர் ஆசை முளைத்தால் அது குறையா, நிறைவா என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவர் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

நானாகப் போய் நானும் வருகிறேன் என்றால் சித்தி ஏழு தலைமுறைக்குச் சிரிப்பாள். அதனால் நீ இன்னொரு தடவை கூப்பிடு. மாட்டேன் என்பேன். மறுபடி கூப்பிடு, மறுபடியும் மாட்டேன் என்பேன், கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. விட்டுவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, படியில் பார்த்து இறங்கு. ஆயிரம் யானை பலத்தோடு தாயும் பிள்ளையும் நன்றாக இருக்க என் ஆசி. மறக்காமல் சீக்கிரம் கூப்பிடு. விமானத்தில் சித்திக்குப் பக்கத்து சீட் இன்னும் காலிதான், விசாரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
பட்டம் பறிபோன உன் சித்தப்பா