கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் அதில் சேராது. நீயும் நலம் என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம், உன் கடிதத்துக்குக் காத்திருந்தால் எங்களுக்கு இன்னும் ஒரு வயது கூடிவிடும். இப்போது சொல்லப்போவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்காதே. நான் ஜோடி நடனம் கற்றுக்கொள்கிறேன். ஆமாம், காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்த இதே அப்பாதான், நீ ஆடப்போன அதே மாடி ஹாலில், சனிக்கிழமை சாயங்காலங்களில். முழங்காலுக்கு நட என்றார் டாக்டர், நடப்பதற்குப் பதில் ஆடினால் என்ன என்றாள் உன் அம்மா. அங்கே இப்போது யாரும் யாரையும் ஆடக் கூப்பிடலாம், ஆண்தான் நடத்திக்கொண்டு போகவேண்டும் என்பதெல்லாம் இல்லை. கேட்க வேண்டுமா, முப்பது வருஷமாக வீட்டில் பார்க்கிற உத்தியோகத்தை அங்கேயும் எடுத்துக்கொண்டுவிட்டாள். அவள் முன்னால் வருகிறாள், நான் பின்பக்கமாகப் போகிறேன், மூன்றாவது அடியில் அவள் காலை மிதிக்கிறேன்.

புது டீச்சரம்மா பகலில் பல் டாக்டர். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடம் சொல்வதையே எங்களிடமும் சொல்கிறார், கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. முதல் வாரம் எனக்கு மூக்கு அரித்தது, கையைத் தூக்கிவிட்டேன், உன் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மூக்கும்மா என்று சொல்ல வந்தால் சொல்லாதீங்க என்கிறாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் காரணம் கேட்காத ஒரே நாள் அதுதான்.

என் காலை நம்பாவிட்டாலும் கையை நம்பிப் பாட்டுப் பெட்டியை என்னிடம் விட்டிருக்கிறார்கள். போன வாரம் தபால் ஆபீஸ் பெண் ஆட்டத்தின் நடுவில் கையைத் தூக்கினாள். கூட ஆடியவர் வெள்ளைச்சட்டைக்காரர், உனக்குத்தான் தெரியுமே, ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, எனக்கே இரண்டு அடி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மனுஷர். அவர் விடவில்லை, பாட்டு முடியட்டும்மா என்று சிரித்துக்கொண்டே அவளைச் சுற்றினார். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். என் விரல்தான் பொத்தானுக்குப் போனது, பாட்டை நிறுத்திவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, "ஏன் சார், அப்படி என்ன ஆயிடுச்சு?" என்றார். டீச்சரம்மா வந்து, இனி இங்கே வரவேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி காதைவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் அது என்னுடையது.

நாலு வருஷத்துக்கு முன் அதே ஹாலிலிருந்து நீ பாதியில் வீட்டுக்கு வந்து, இனிமே போகமாட்டேன்ப்பா என்றாய். நான் என்ன செய்தேன்? யாரு, என்ன பண்ணான், நீ தப்பா நினைச்சிருப்பே என்று வரிசையாகக் கேட்டேன். லிஃப்டில் அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தியவர்களையெல்லாம் ஏன் அழுத்தினீர்கள் என்று விரட்டிப் பழகிய வாய், பெற்ற பெண்ணிடமும் அதையே கேட்டது. நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய், அதற்கப்புறம் ஆடவும் இல்லை, என்னிடம் மனம்விட்டுப் பேசவும் இல்லை. அம்மாடி, அன்றைக்கு நீ கையைத் தூக்கினாய், நான் நிறுத்தவில்லை. தப்பு என்னுடையது. அந்த வெள்ளைச்சட்டைக்காரர்தானா என்று இப்போதும் வாய்வரை வருகிறது. கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. மறக்காமல் ஒன்று எழுது. உன் ஆட்டச் செருப்பு என் டூல்ஸ் பெட்டிக்கு மேல் இருக்கிறது, வார் தைத்து வைத்திருக்கிறேன். அனுப்பவா, இங்கேயே இருக்கட்டுமா? ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

பாட்டுப் பெட்டிப் பக்கத்திலிருந்து,
உன் அப்பா