பென்சில் புள்ளடி

வால்தம்ஸ்டோ
3.2.2024

அன்பு மருமகள் ஜதுர்ஷிகாவுக்கு,

நானும் மாமியும் சுகம். உன் சுகத்துக்கு விம்பிள்டன் பிள்ளையாரைப் பொறுப்பாக விட்டிருக்கிறேன்.

நீ போன் எடுப்பதில்லை, ஆகவே தபால். பழைய துருக்கியின் ஒட்டோமன் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாயாம். என்னைக் கேட்டிருக்கலாம். இஸ்தான்புல் விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலம் நின்றவன் நான். அந்தச் சரித்திரம் முழுக்கத் தெரியும். பெண்கள் அந்தப்புரத்தில் திராட்சை சாப்பிட்டார்கள், ஆண்கள் காணி பூமி பார்த்தார்கள். அறுநூறு வருசம் சாம்ராச்சியம் நின்ற இரகசியம் அதுதான்.

யாழ்ப்பாணத்தில், இணுவிலில், என் கூடப்பிறந்த உன் அம்மா உனக்கு விட்டுப்போன காணியில் ஆயிரம் பேர் இருக்கும் கலியாண மண்டபம் கட்டப்போகிறேன். காணியை என் பொறுப்பில் தரும் பத்திரம் இத்துடன். பென்சிலால் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வை. வாசித்து மினக்கெடாதே. மாமி முப்பது வருசமாகப் புள்ளடியைப் பார்த்துத்தான் கையெழுத்து வைக்கிறா. ஒருநாளாவது ஏன் என்று கேட்டதில்லை.

உன் மாமா
அம்பலவாணன்
(குரோய்டன் குடிவரவு அதிகாரிகள் எழும்பி நின்று வரவேற்றவன்)

*

விம்பிள்டன்
10.2.2024

அன்புள்ள மாமா,

திராட்சை சாப்பிட்டவர்களும் இருந்திருப்பார்கள். நான் வாசிக்கும் நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பவள் வேறு. நானூறு வருசத்துக்கு முந்தி, தன் திராட்சைத் தோட்டத்தை அண்ணன் விற்றுவிட்டார் என்று காதி நீதிபதி முன் தானே போய் நின்றவள். அவள் சம்மதித்தாள் என்றார் அண்ணன். நீதிபதி அவளைக் கேட்டார். இல்லை என்றாள். தோட்டம் திரும்பி வந்தது.

அந்த நாடு பெண்களுக்குச் சொர்க்கம் இல்லைத்தான். ஆனாலும் கலியாணம் கட்டினவள் தன் வீட்டை விற்கப் புருசனின் கையெழுத்துக் கேட்கவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் மாமிக்கு இன்றைக்கும் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

என் பதிலும் அவள் சொன்ன அதே "இல்லை"தான். அம்மாவின் காணியை நானே பார்ப்பேன். புள்ளடியை அழித்துப் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜதுர்ஷிகா

*

வால்தம்ஸ்டோ
24.2.2024

மருமகளுக்கு,

உன் கடிதத்தை எனக்கு முந்தி மாமி உடைத்துவிட்டா. இரண்டு தரம் வாசித்தா. பிறகு, "இஞ்சாருங்கோ, என்ர கோண்டாவில் வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிக் குடுக்கிறதெண்டா உங்கட கையெழுத்து வேணுமாமே?" என்றா.

ஓம் என்று தொடங்கி, சட்டத்தை ஒரு மணித்தியாலம் விளக்கினேன். கேட்டிருந்தால் மன்னரின் வக்கீல்மாரே குறிப்பெடுத்திருப்பார்கள். மாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனா. எங்கே என்று சொல்லவில்லை.

நேற்று ஒரு பத்திரத்தை மேசையில் வைத்தா. அடியில் பென்சிலால் ஒரு புள்ளடி.

"என்ன இது வசந்தமலர்?"

"உங்கட சம்மதம். வாசிச்சு மினக்கெடாதேங்கோ."

என் கண்ணாடியைத் தேடினேன். அது மாமியின் மூக்கில் இருந்தது.

காணியையும் வீட்டையும் பெண்களுக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்த வள்ளல் அம்பலவாணன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். நீ மறுத்து எழுதாதே.

உன் மாமா
அம்பலவாணன்
(புள்ளடியில் கையெழுத்து வைத்தவன்)